புகைக்குழாய் சொல்லும் சேதி

திருப்பூர் காதர்பேட்டை நெரிசலில் பனியன் கட்டுகளைச் சுமந்து ஊர்ந்து செல்லும் பழைய ‘குட்டியானை’ மினி லாரி ஒன்றின் சைலன்சரிலிருந்து வழக்கத்துக்கு விரோதமான நாற்றம் எழுந்தால், அதை ஓட்டிப் பிழைப்பவர் முதலில் நிச்சயிக்க வேண்டியது, அது தம் வண்டியின் நாற்றமா அன்றி ஊரின் நாற்றமா என்பதே. சாயப்பட்டறைகளை அடுத்த சாலைகளில் அசிட்டிக் அமிலத்தின் புளிப்பும் ஹைட்ரோஸ் என்னும் சாயப்பட்டறை இரசாயனத்தின் கந்தக நெடியும் தேங்கிய சாக்கடையின் அழுகல் வாடையும் ஒன்றாகவே நாசியில் ஏறும். ஆகையால் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் குளிர்ந்திருக்கையில் ஒரு முறையும், நன்கு சூடேறிய பின் ஒரு முறையும் முகர்ந்து பார்ப்பதே உத்தமமான பரீட்சை.

நாற்றம் வண்டியினுடையதே என்று ஊர்ஜிதமானால், இந்த வட்டாரத்தில் முதல் சந்தேகத்துக்குரியது ஏர் ஃபில்டர். நூற்பாலைகளிலும் பனியன் துணி பின்னும் கூடங்களிலும் பறக்கும் பஞ்சுத் தூசி, வாசலில் சரக்குக்காகக் காத்து நிற்கும் வண்டிகளுக்குள் தினந்தோறும் புகுந்து, ஃபில்டரின் மடிப்புகளில் சாம்பல் நிறக் கம்பளம்போல் படிந்துவிடுகிறது. போதிய காற்றின்றித் திணறும் இன்ஜினில் டீசல் பூரணமாக எரியாமல், கரும்புகையும் காரநெடியுமாக வெளியேறுகிறது. அதே பஞ்சு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அடைத்துக்கொண்டால் விளைவு விபரீதம்: இன்ஜின் அளவுமீறிச் சூடேறி, ஹெட் கேஸ்கட் பழுதாகி, கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து, அதிலுள்ள கிளைக்காலால் புகையில் ஒரு தித்திப்பு வாடை வீசத் தொடங்கும். அந்தத் தித்திப்போடு, சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகையும் ரேடியேட்டரில் நீர்க்குறைவும் சேர்ந்து தோன்றினால், வண்டியை மேலும் ஓட்டுவது இன்ஜினுக்கே சர்வநாசம். கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கோ அந்தத் தித்திப்பின் எச்சரிக்கையும் கிடையாது.

மெக்கானிக்குகள் கைதுடைக்கும் பனியன் வேஸ்ட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. அதில் ஒரு வெள்ளைத் துண்டைக் கம்பியில் சுற்றி, புகைக்குழாயின் வாயை அடைக்காமல் சற்றே தள்ளிப் பிடித்துப் பார்க்கலாம். உலர்ந்த கரித்தூள் படிந்தால் எரிபொருள் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. விரலில் பிசுபிசுக்கும் கறை படிந்து, புகையும் நீலம் பாரித்திருந்தால், தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் தெறிக்கும் தெளிந்த நீர்த்துளிகள் இயற்கையே. அவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பிளாஸ்டிக் தீயும் வாடை மட்டும் வந்தால், கம்பெனி வாசலில் கிடந்த பாலித்தீன் கவர் ஏதேனும் சூடான சைலன்சரில் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் போதும்.

பெட்ரோல் கார்களில் அழுகிய முட்டை நாற்றம் வருமாயின், பெட்ரோல் மிகுதியால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் திணறுகிறது என்று ஊகிக்கலாம். 2020 ஏப்ரல் முதல் தேசமெங்கும் பெட்ரோலில் அந்நாற்றத்துக்கு மூலமான கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்றாகிவிட்டபடியால், எரிபொருளைக் குறைகூற இப்போது அதிக இடமில்லை. கன்வெர்ட்டரே இல்லாத பழைய அம்பாசடரில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். அளவுமீறிச் சார்ஜ் ஏறும் பேட்டரியும் அதே நாற்றத்தைக் கக்கும்.

இத்தனை நாற்றங்களிலும் பயங்கரமானது, நாற்றமே இல்லாத கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான பற்றுதலோடு இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் அந்த வாயு, துருவேறி ஓட்டை விழுந்த குழாயிலிருந்து கேபினுக்குள் கசியும்போது, தலைவலியும் கிறுகிறுப்பும் தவிர வேறு முன்னறிவிப்பு தருவதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கேற்றக் காத்திருக்கும் மழை இரவில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணயரும் டிரைவர்களை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன். புகைச் சான்றிதழுக்கான பரிசோதனை குழாயின் முனையில் வருவதைத்தான் அளக்கிறது. நடுவில் கசிவதை அது காட்டாது. ஆகவே, கேபினுக்குள் புகைவாடையோ தலைவலியோ லேசாக வந்தாலும் கண்ணாடிகளை இறக்கி, வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள். குழாயைப் பற்றவைத்துச் சரிசெய்த பிறகே மறுபடி லோடு ஏற்றுங்கள்.