நான்கு முறை கண்ட நாடு

"உலகில் எத்தனையோ நாடுகள் இருக்க, மறுபடியும் பொலிவியாவுக்கா?" என்று உறவினர்கள் எங்களைக் கேட்பதுண்டு. எங்கள் சித்தப்பா லா பாஸ் நகரில் பணி புரிந்து வந்ததால், 2014, 2016, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் மே மாத விடுமுறைக்கு நாங்கள் குடும்பத்தோடு அங்கு சென்று வந்தோம். ஒரு முறை செல்பவர் ஒரு நாட்டின் அழகைக் காண்கிறார். பல முறை செல்பவர் அதன் மாற்றத்தையும் காண்கிறார். நாங்கள் கண்ட மாற்றம் தண்ணீரைப் பற்றியது.

பொலிவியா, தென் அமெரிக்காவின் நடுவே கடற்கரை இன்றி அமைந்த நாடு. 1879-இல் தொடங்கிய போரில் அது தன் கடற்கரையைச் சிலி நாட்டிடம் இழந்தது. மேற்குப் பகுதியில் ஆண்டிஸ் மலைத்தொடர் இரு கிளைகளாகப் பிரிகிறது. அவற்றின் இடையே உள்ள உயர்ந்த சமவெளிக்கு அல்டிபிளானோ என்று பெயர். விமானம் இறங்கும் எல் ஆல்டோ 4,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. காற்று அங்கே மெலிந்திருப்பதால், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு நாள்கள் எங்களுக்குப் படுக்கையும் கோக்கா இலைத் தேநீரும்தான்! எல் ஆல்டோவையும் பள்ளத்தில் உள்ள லா பாஸையும் 2014 முதல் கம்பிவட ஊர்திகள் இணைக்கின்றன. அவற்றில் அமர்ந்து வீட்டுக் கூரைகளின் மேலே மிதந்து செல்வது எங்களுக்குப் பேரானந்தம்.

அல்டிபிளானோவில் ஓடும் ஆறுகள் கடலைச் சேர்வதில்லை. பெருவும் பொலிவியாவும் பகிர்ந்துகொள்ளும் டிட்டிகாக்கா ஏரி 3,812 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதிலிருந்து புறப்படும் தேசாகுவாதெரோ ஆறு, தெற்கே உள்ள போப்போ ஏரியில் கலக்கிறது. மேல் ஏரியில் நீர் குறைந்தால் கீழ் ஏரி வாடும். வழியில் பாசனத்துக்கும் சுரங்கங்களுக்கும் நீர் எடுக்கப்படுகிறது. சுரங்க மண்ணும் வந்து படிகிறது. போப்போ ஆழமற்ற ஏரியாதலால் வெயிலும் அதன் நீரை விரைவில் குடித்துவிடுகிறது.

2014-இல் அந்த ஏரியில் செந்நிறப் பூநாரைகளைக் கண்டு மகிழ்ந்தோம். 2015 டிசம்பரில் ஏரி வற்றிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு நாங்கள் சென்றபோது, அந்தோ, வெடித்த தரையின் மேல் படகுகள் கவிழ்ந்து கிடந்தன! தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழ்ந்த உரூ இனத்தவர் பலர், உப்பளங்களுக்கும் சுரங்கங்களுக்கும் கூலி வேலை தேடிப் போய்விட்டனர். தங்களை "நீரின் மக்கள்" என்று சொல்லிக்கொள்பவர்கள் அவர்கள். பின்னர் மழைக்காலங்களில் சிறிது நீர் வந்தாலும் அது நிலைக்கவில்லை.

2019-இல் சித்தப்பா எங்களைச் சக்கால்டாயா மலைக்கு அழைத்துச் சென்றார். உலகிலேயே மிக உயரமான பனிச்சறுக்கு இடங்களுள் ஒன்றாக அது புகழ் பெற்றிருந்தது. அங்கிருந்த பனியாறு ஏறத்தாழ 18,000 ஆண்டுகள் பழமையானது என்பார்கள். 2009-இல் அது முற்றிலும் மறைந்தது. நாங்கள் கண்டது வெறும் பாறையும், ஆள் அரவமற்ற ஒரு விடுதியும்தான். பனியாறு என்பது இயற்கை கட்டிய நீர்த்தேக்கம். மழையில்லாத மாதங்களில் அது சிறிது சிறிதாக உருகி ஊருக்கு நீர் தருகிறது. பூமி வெப்பமடைவதால் ஆண்டிஸ் மலையின் பனியாறுகள் சுருங்கி வருகின்றன. 2016 நவம்பரில் கடும் வறட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்ற, லா பாஸ் நகரின் பல பகுதிகளில் குழாய்நீர் நின்றது. அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. தண்ணீருக்காக மக்கள் வீதியில் இறங்கிய நாடும் இதுவே. குடிநீர் வழங்கும் பணி தனியாரிடம் தரப்பட்டுக் கட்டணம் உயர்ந்தபோது, 2000-ஆம் ஆண்டு கோச்சபம்பா நகர மக்கள் போராடி அந்த ஒப்பந்தத்தை நீக்க வைத்தனர்.

2023-இல் டிட்டிகாக்காவின் கரையே முன்னிலும் விலகியிருக்கக் கண்டோம். அங்கிருந்து உயுனி உப்புப் பாலைவனத்துக்குச் சென்றோம். 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் கண்ணைப் பறிக்கும் வெண்மை! அதுவும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏரியாக இருந்த இடமே. அந்த உப்புக்கு அடியில் உள்ள உவர்நீரில் லித்தியம் ஏராளமாக உள்ளது. நம் கைப்பேசிகளின் மின்கலங்களுக்கு அது வேண்டும். ஆனால் அதைப் பிரித்தெடுக்க நீரும் செலவாகும். இருக்கும் சிறிதளவு நீரும் போய்விடுமோ என்று சுற்றுப்புறக் கிராமத்தார் அஞ்சுகிறார்கள்.

தோழியரே, ஒரு நாட்டை அறிய அதன் தலைநகரையும் மலைகளின் உயரத்தையும் மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. அங்குள்ளோர் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது, அது யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். சித்தப்பாவுக்கு இப்போது கடிதம் எழுதும்போதெல்லாம் நாங்கள் முதலில் கேட்பது, "அங்கே மழை பெய்ததா?" என்பதுதான்.