"இது யாரு அத்தை?"

பரண் சுத்தம் செய்தபோது பழைய ட்ரங்குப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே கறுப்பு அட்டை ஆல்பம்! பக்கத்துக்குப் பக்கம் நடுவே பட்டர் பேப்பர். மாமியாரை உட்கார வைத்து ஒவ்வொரு போட்டோவாகக் காட்டினேன்.

நாற்காலியில் ஒரு பாட்டி. பின்னால் வேட்டியும் கோட்டுமாக விறைப்பாக நிற்கும் ஓர் இளைஞர்.

"இது யாரு அத்தை?"

"எங்க சின்ன மாமாம்மா! ரயில்வேல கார்டா இருந்தாரு. லீவுல வந்தா போதும், திருநெல்வேலி அல்வாதான்..."

அத்தை சொல்லிக்கொண்டே போனார். நான் ஒரு காதில் வாங்கிக்கொண்டே பெட்டியைத் துடைத்தேன். பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிற அலட்சியம்தான்!

இரண்டு வருஷம் கழித்து என் மகள் அதே போட்டோவை நீட்டினாள். அத்தை வெகுநேரம் பார்த்தார். "யாரோ பெரியவங்க போலிருக்கு..." என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குள் டாக்டர் 'டிமென்ஷியா ஆரம்பம்' என்று சொல்லியிருந்தார். அந்த மாமாவின் பெயர் இன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த ஒரு போட்டோதான் என்னை 'டிஜிட்டல் ஸ்க்ராப் புக்' பொழுதுபோக்கில் இறக்கிவிட்டது. பயந்துவிடாதீர்கள்! சின்ன வயதில் பத்திரிகைப் படங்களை வெட்டி நோட்டில் ஒட்டினோமே, அதேதான். கத்தரிக்கோலுக்கும் கோந்துக்கும் பதில் மொபைலும் கம்ப்யூட்டரும். வெட்டி ஒட்டும் பைத்தியம் பெரிய எழுத்தாளர்களையும் விட்டதில்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன், ஈரம் தொட்டால் தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்க்ராப் புக் ஒன்றைக் கண்டுபிடித்து 1873-ல் பேடன்ட்டே வாங்கினார்!

ஆல்பம்தான் பத்திரமாக இருக்கிறதே என்கிறீர்களா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் இருந்த என் நாத்தனார் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் மறுபடி வாங்கிவிட்டார்கள். கல்யாண ஆல்பத்தை எந்தக் கடையில் வாங்குவது? வெள்ளம் வராவிட்டாலும் எழுபது, எண்பதுகளில் எடுத்த கலர் போட்டோக்களின் சாயம் வருஷா வருஷம் வெளுத்துக்கொண்டுதான் இருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களே இவற்றைவிடக் கெட்டி. பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டுகிற பசை ஆல்பம் இருக்கிறதே, அதுதான் பெரிய எதிரி. பசையே படத்தை மஞ்சளாக்கிவிடும். அதிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுப்பது போல் இழுங்கள், வந்துவிடும். ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைத் தொடவே வேண்டாம். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

இன்னொன்று... பூசணம் பிடித்த ஆல்பத்தைத் திறக்கும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் மொட்டை மாடியில் வைத்துத் தூசு தட்டுங்கள்.

நகல் எடுக்கும் வேலை சுலபம். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்வதானால் சாதாரண அளவுப் படத்துக்கு 300 டி.பி.ஐ., பாஸ்போர்ட் சைஸுக்கு 600 என்று சொல்லுங்கள். மொபைலில் எடுப்பதானால் நேர் வெயில் விழாத ஜன்னலோரம், ஃபிளாஷ் கூடாது, மொபைல் படத்துக்கு நேர் மேலே இருக்கவேண்டும். படத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, யாரோ கிறுக்கிய பெயர்... பாதிக் கதை அங்கேதான் இருக்கும்! உறவினர்களிடம் படம் கேட்டால், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தெளிவு குறைந்துதான் வரும்.

இப்போது மங்கிய முகத்தைப் பளிச்சென்று ஆக்கித் தரும் ஏ.ஐ. ஆப்கள் வந்துவிட்டன. எனக்கு இதில் உடன்பாடில்லை. படத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் அது தானாக யூகித்து வரைகிறது. கடைசியில் அழகான ஒருவர் கிடைப்பார், ஆனால் அவர் உங்கள் தாத்தாவாக இருக்கமாட்டார்! ஆசைக்குச் செய்து பாருங்கள், ஒரிஜினலை மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

படம் அல்ல, பேச்சு முக்கியம்

ஒரு பக்கத்துக்கு ஒரு படம், நாலு வரி. அவ்வளவுதான். பூ, பார்டர், பட்டாம்பூச்சி எல்லாம் அப்புறம். யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம், அன்றைக்கு என்ன நடந்தது என்று சொன்னவர் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள். அவர் குரலை மொபைலில் பதிவு செய்து அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். போட்டோ மட்டும்தான் என்றில்லை. இன்லண்ட் லெட்டர், கல்யாணப் பத்திரிகை, பாட்டி கைப்பட எழுதிய ஊறுகாய் அளவு... எல்லாம் சேரலாம். எங்கள் ஆல்பத்தில் மாமனாரின் பால் கணக்கு நோட்டே ஒரு பக்கம்!

பெரியவர்களுக்கு இதனால் என்ன பயன்? வயதானவர்கள் பழங்கதை பேசுவதை 'தொணதொணப்பு' என்று ஒதுக்கிய காலம் உண்டு. 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், அது முதுமையில் இயல்பாக நடக்கும் வாழ்க்கைக் கணக்கெடுப்பு என்று எழுதினார். டிமென்ஷியாவில் நேற்று சாப்பிட்டது மறந்துபோகும்; பள்ளிக்கூட நாட்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் நிற்கும். அதனால்தான் பழைய படங்களைக் காட்டிப் பேச வைக்கும் முறை வந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2018-ல் இதையும் அலசியது. சிலருக்குப் பேச்சிலும் உற்சாகத்திலும் கொஞ்சம் முன்னேற்றம், ஆனால் பலன் சிறியது, எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் முடிவு. நோயை இது குணப்படுத்தாது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஆல்பத்தைத் தூக்காதீர்கள்!

நான் செய்த தப்பை நீங்கள் செய்யவேண்டாம். ஆரம்பத்தில் அத்தையிடம் ஒவ்வொரு படமாகக் காட்டி, "யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைத்தேன். பதில் வராதபோது அவர் முகம் சுருங்கிப்போகும். ஒருநாள் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு எழுந்தே போய்விட்டார். பிறகுதான் புரிந்தது, பெயரை நாமே சொல்லி ஆரம்பிக்கவேண்டும் என்று. "அத்தை, இது உங்க பெரியக்கா. தாவணி புதுசா?" என்றால் பேச்சு தானாக வரும். சில படங்கள் அழ வைக்கும். இறந்துபோன குழந்தையின் படத்தில் அத்தையின் விரல் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தைப் புரட்ட அவசரப்படவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு அதோடு சரி.

நினைவு நன்றாக இருப்பவர்களிடம் தள்ளிப்போடாமல் கேளுங்கள். ஸ்கேன் அடுத்த வருஷம்கூடச் செய்யலாம். கேட்பதற்கு அந்த வசதி கிடையாது.

உட்கார்ந்தால் எழ மனசு வராத வேலை இது! இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது விநாடி பாருங்கள். கழுத்தும் கண்ணும் தப்பிக்கும்.

முடித்ததை மூன்று இடத்தில் வையுங்கள்: கம்ப்யூட்டர், தனி ஹார்ட் டிஸ்க், வெளியூரில் இருக்கும் பிள்ளை வீட்டில் ஒரு நகல். 'சி.டி.யில் போட்டுவிட்டோம்' என்று 2005-ல் நிம்மதியாக இருந்த பல வீடுகளில் இன்று சி.டி. போட மெஷின் இல்லை. பெரியவர்களுக்கு பெரிய எழுத்தில் பிரின்ட் போட்டுப் புத்தகமாகவே கொடுங்கள். திரையைவிடக் கையில் பிடிப்பதுதான் அவர்களுக்கு வசதி.

போன தீபாவளிக்கு எங்கள் புத்தகம் வந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் அந்தக் கோட்டுக்காரர். கீழே இப்படி எழுதியிருந்தேன்: 'அத்தையின் சின்ன மாமா. ரயில்வே கார்டு. லீவில் வந்தால் திருநெல்வேலி அல்வா.' பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. மகள் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

அத்தை படத்தைத் தடவினார். "எலையப் பிரிக்கறதுக்குள்ள புடுங்கிடுவோம்... எண்ணெய் வழிஞ்சு கோட்டெல்லாம் கறையாயிடும். பாட்டி திட்டுவாங்க" என்றார்.

பெயரைக் கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. மொபைலில் ரிக்கார்டரை மட்டும் ஆன் செய்தேன்.