காசு சொன்ன கதை - 9: வேறு ஆளில்லாமல் வந்த பேரரசர்

அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் என் போனிலிருந்த ரோமானியக் காசின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நல்ல வெள்ளியா இருக்கும் போலிருக்குதுங்க. யாருங்க இந்த ராசா?" சேலத்துக்காரர் அல்லவா, வெள்ளிதான் முதலில் கண்ணில் படும்.

1987-இல் சேலம் பக்கத்துக் கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. 'டைபீரியஸ் கிளாடியஸ் நீரோ, கி.பி. 37–68' என்றே சேலம் பற்றிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பெயர் ஒருவருடையது, வருஷம் இன்னொருவருடையது. அந்தப் பெயரோடு பிறந்த டைபீரியஸ் 37-இல் செத்தே போனார். 37-இல் பிறந்து 68-இல் செத்தவர் நீரோ. நான் பெயரைப் பிடித்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் அதிகம் கிடைப்பவை அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள்தான்.

டைபீரியஸ் பிறந்தது கி.மு. 42-இல். மூன்று வயதிருக்கும்போது தாய் லிவியா, வயிற்றில் அடுத்த பிள்ளையோடு, கணவனை விட்டு, பின்னாளில் ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸை மணந்தாள். அரண்மனைக்கு வந்த பையன் போர்த்தளபதியாக வளர்ந்தான். ஆனாலும் வாரிசுப் பட்டியலில் அவனுக்கு முன்னால் எப்போதும் யாராவது நின்றார்கள்.

கி.மு. 11-இல் அகஸ்டஸ் அவரை, கர்ப்பிணி மனைவி விப்சானியாவை விலக்கிவிட்டுத் தன் மகள் ஜூலியாவைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஜூலியா யார்? விப்சானியாவின் தகப்பனுடைய விதவை. மாமியார் முறை! மறுக்க முடியவில்லை. பிறகொரு நாள் தெருவில் விப்சானியாவைக் கண்டு கண்ணீரோடு பின்னாலேயே போனாராம். இனி அவள் அவர் கண்ணில் படாதபடி பார்த்துக்கொண்டார்கள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். அரண்மனை வம்பு எழுதுவதில் கைதேர்ந்தவர் அவர். இருந்தாலும் இதை நம்பத் தோன்றுகிறது.

கி.மு. 6-இல் எல்லாவற்றையும் உதறிவிட்டு ரோட்ஸ் தீவுக்குப் போனார். திரும்பி வர நினைத்தபோது அகஸ்டஸ் உடனே விடவில்லை. கடைசியில் அரியணைக்கு வழிவிட்டது சாவுதான். அகஸ்டஸ் வாரிசாக வளர்த்த பேரன்கள் லூசியஸ் கி.பி. 2-இலும் கயஸ் 4-இலும் இறந்தார்கள். அனுபவமுள்ள வேறு ஆளில்லை. அதே ஆண்டு டைபீரியஸைத் தத்தெடுத்தார் கிழவர். அதற்கும் ஒரு நிபந்தனை: சொந்த மகன் இருக்கும்போதே, தம்பி மகன் ஜெர்மானிக்கஸை டைபீரியஸ் தத்தெடுக்க வேண்டும். கி.பி. 14-இல் அரியணை ஏறியபோது அவருக்கு 54 வயது.

அவருடைய வெள்ளிக்காசின் ஒரு பக்கம் அவர் தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். லிவியா என்றே பலரும் சொல்கிறார்கள்.

கி.பி. 22-இல் செனட்டுக்கு எழுதிய கடிதத்தில், பெண்களின் கல்நகைக்காக நம் பணம் அந்நிய நாட்டுக்குப் போகிறதே என்று இதே டைபீரியஸ் புலம்பியிருக்கிறார். அப்படிப் போன பணத்தில் கொஞ்சம் கொங்கு மண்ணுக்கும் வந்தது. இங்கிருந்து கல் போயிற்று, அங்கிருந்து காசு வந்தது.

கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ இப்படியொரு காசு கிடைத்தால், பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் ஆபீசில் சொன்னாலும் விஷயம் போய்ச் சேரும். உருக்கிவிட்டால் அது வெறும் கொலுசு வெள்ளி.

(தொடரும்)