வாசனை சொன்ன நோய்

ஒரு நோயை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட முடியுமா?

ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்றொரு அம்மா. நர்ஸாக வேலை பார்த்தவர். ஒரு கட்டத்தில் கணவர் உடம்பில் கஸ்தூரி மாதிரி புதிதாக ஒரு வாடை வருவதைக் கவனித்தார். ஒழுங்காகக் குளிப்பதில்லையோ என்று அவரைக் கடிந்துகொள்ளவும் செய்தார். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிய, கை நடுங்கி, நடை தளரும் நோய் அது.

வாடையை வைத்தே நோயைச் சொல்ல முடியுமா என்று எடின்பரோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஜாயைச் சோதித்தார்கள். நோயாளிகளும் நோயில்லாதவர்களும் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட்டுகளைக் கலந்து கொடுத்தார்கள். நோயாளிகளின் சட்டைகளை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். கூடவே, நோயில்லாத ஒருவரின் சட்டையையும் எடுத்துவைத்தார். 'இது மட்டும் தப்பு' என்று குறித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அந்த நபருக்கும் பார்க்கின்சன் உறுதியானது!

இதில் இன்னொரு ஆச்சரியம், அந்த வாடை அக்குளில் இல்லை; சட்டையின் பின்கழுத்தில் இருந்தது. மேல்முதுகுத் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலிருந்து வந்த வாடை அது. அந்த எண்ணெயைப் பஞ்சில் ஒற்றியெடுத்தே நோயைக் கண்டறியும் சோதனையை மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்போது உருவாக்கி வருகிறார்கள்.