பாரிஸின் ஓயாசிஸ் பள்ளி முற்றங்கள்

ஓயாசிஸ் பள்ளி முற்றங்கள் என்பவை பிரான்சின் தலைநகரான பாரிஸில் தார்த்தளம் அகற்றப்பட்டு, மரம், மண், நிழல், நீர் ஆகியவற்றுடன் மாற்றியமைக்கப்படும் பள்ளி விளையாட்டிடங்கள் ஆகும். ஓயாசிஸ் என்றால் பாலைவனச் சோலை. வெப்பம் கூடிவரும் நகரில் மாணவர்களுக்கும் அக்கம்பக்கத்தில் வாழ்வோருக்கும் குளிர்ந்த பொது இடங்களை உருவாக்குவது இத்திட்டத்தின் நோக்கம்.

பின்னணி

2003 ஆகஸ்டில் வீசிய வெப்ப அலையால் பிரான்சில் சுமார் 15,000 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள். தனியாக வாழ்ந்தவர்கள் பலர். 2019 சூலை 25 அன்று பாரிஸில் 42.6 பாகை செல்சியசு வெப்பநிலை பதிவானது.

பாரிஸில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 பேர் வாழ்கின்றனர். புதிய பூங்காக்களுக்கு அங்கே இடம் அரிது. ஆனால் பள்ளிகள் எல்லாப் பகுதிகளிலும் உள்ளன. அவற்றின் முற்றங்கள் மொத்தம் 70 எக்டேருக்கும் மேற்பட்டவை. நகர நிர்வாகம் 2017-இல் இத்திட்டத்தை அறிவித்தது. முதல் மூன்று முற்றங்கள் 2018-இல் மாற்றப்பட்டன. பின்னர் பத்துப் பள்ளிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவி கிடைத்தது.

செயற்படும் முறை

தார்த்தளம் பகலில் வெயிலை உறிஞ்சி, இரவில் அந்த வெப்பத்தை மெல்ல வெளியிடுகிறது. இதனால் நகரின் இரவுகள் சுற்றுப்புற ஊர்களின் இரவுகளைவிட வெப்பமாக இருக்கின்றன. இது நகர்ப்புற வெப்பத் தீவு எனப்படும். இரவிலும் வெப்பம் தணியாதபோது உடல் களைப்பிலிருந்து மீள முடிவதில்லை.

மரங்கள் நிழல் தருவதுடன், இலைகளின் வழியே நீராவியை வெளியிட்டுக் காற்றைக் குளிர்விக்கின்றன. வெளிர்நிறத் தளம் வெயிலை எதிரொளிக்கிறது. மண்ணும் மரச்சீவலும் பரப்பிய தரை மழைநீரை உள்ளே விடுகிறது. எனவே கனமழையின்போது கழிவுநீர்க் குழாய்களின் சுமையும் குறைகிறது.

மாணவர்களின் பங்கு

முற்றத்தின் வடிவமைப்பில் மாணவர்களும் ஆசிரியர்களும் பங்கேற்கின்றனர். முன்பு முற்றத்தின் நடுப்பகுதியைக் கால்பந்தாட்டமே பிடித்துக்கொள்ள, மற்றவர்கள், குறிப்பாகச் சிறுமியர், ஓரங்களில் ஒதுங்கினர். புதிய முற்றங்களில் அமர்ந்து பேசவும் ஏறி விளையாடவும் செடி வளர்க்கவும் தனித்தனி இடங்கள் உள்ளன.

வரம்புகள்

நட்ட மரம் நல்ல நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். நிலத்தடிக் குழாய்கள் உள்ள இடங்களில் ஆழமாக வேரூன்றும் மரங்களை நட இயலாது. மண்ணும் மரச்சீவலும் வகுப்பறைக்குள் வருவதால் துப்புரவுப் பணி கூடுகிறது.

எல்லாவற்றினும் முதன்மையானது பள்ளிக் கதவு. சில முற்றங்கள் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. ஆனால் 2003-இன் வெப்ப அலை, பள்ளிகள் மூடியிருக்கும் கோடை விடுமுறையில்தான் வந்தது. அத்தகைய நாட்களிலும் கதவைத் திறந்து வைக்க ஆளும் ஏற்பாடும் இருந்தால்தான், அருகிலுள்ள முதியவர்களுக்கு இம்முற்றங்கள் உண்மையான புகலிடமாகும்.