ஒரே பானையில் ஒரு முழு உணவு

ஊரில் எமது குடும்பங்களுக்குப் பெரிய குசினி இருந்தது. பின்வளவில் கிணறு இருந்தது. சமைத்து முடிந்ததும் சட்டி பானைகளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், சாம்பலும் பொச்சும் போட்டு மினுக்கி, வெயிலில் கவிழ்த்து வைப்பது வழக்கம். எத்தனை சட்டி அழுக்கானாலும் அது பெரிய காரியமாகத் தோன்றியதில்லை.

கொழும்பில் நிலைமை வேறு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை அறையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஓர் அடுப்பும் பலருக்குப் பொதுவான ஒரு தண்ணீர்க் குழாயும்தான் கிடைக்கின்றன. சோற்றுக்கு ஒரு பானை, பருப்புக்கு ஒரு சட்டி, மரக்கறிக்கு இன்னொன்று, பால் பிழிய ஒரு பாத்திரம், அகப்பைகள், மூடிகள் என்று எண்ணினால் ஒரு நேரச் சமையலுக்கே பத்துப் பாத்திரம் சேர்ந்துவிடும். ஓர் அடுப்பில் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி இறக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். பிறகு குழாயடியில் முறைக்காகக் காத்திருந்து கழுவ வேண்டும்.

வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாய்க்கு இது தாங்கமுடியாத சுமை. ஆகவே சமையல் மெல்ல மெல்லக் குறைகிறது. காலையில் பாணும் சீனியும், இரவில் கடைக் கொத்துரொட்டி அல்லது நூடில்ஸ் என்று நாட்கள் போகின்றன. கையிலுள்ள பணம் கடைக்குப் போகிறது. பிள்ளைகளின் தட்டில் இலைக்கறியும் பயறும் இல்லாமற் போகின்றன. பாத்திரம் கழுவும் சிரமம் சிறிய விடயம்போல் தெரிந்தாலும், குடும்பத்தின் போஷாக்கை அது நேரடியாகத் தாக்குகிறது. இதற்கு ஒரு வழியாக, எமது மூத்தோர் நன்கறிந்த ஒற்றைப் பானைச் சமையலை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

இது முகாம் உணவு அல்ல

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அவிப்பது என்றதும் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. முகாம்களில் கிடாரத்தில் சமைத்து, வரிசையில் நிற்கவைத்து வழங்கப்பட்ட உணவை எமது மக்கள் மறக்கவில்லை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்ந்த கஞ்சிதான் பலருடைய உயிரைக் காத்தது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் அக்கஞ்சியைக் காய்ச்சி அந்நாட்களை நினைவுகூருகின்றனர். அது வேறொன்றும் கிடைக்காத வேளையில் குடித்த கஞ்சி. நாம் இங்கே சொல்வது, கிடைப்பவற்றைத் தெரிந்தெடுத்துச் சமைக்கும் உணவு. இரண்டையும் ஒன்றாக எண்ணவேண்டியதில்லை.

ஒற்றைப் பானை உணவு எமது நல்ல நாட்களுக்கும் உரியது. தைப்பொங்கலன்று முற்றத்தில் பொங்கும் புக்கை ஒரே பானையில்தான் ஆகிறது. யாழ்ப்பாணத்து ஒடியற்கூழும் அப்படியே. பனையோலையில் கோலிய பிளாவில் அதை வார்த்துக் குடித்தார்கள். பலாவிலையை மடித்துக் கரண்டியாகப் பாவித்தார்கள். குடித்து முடிந்ததும் பிளாவையும் இலையையும் எறிந்துவிட்டால், கழுவுவதற்குக் கூழ்ப்பானையும் அகப்பையும் மட்டுமே எஞ்சின.

கொழும்பில் எமது அயலவர்களிடமும் இதே வழக்கம் உண்டு. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் வழங்குகிறார்கள். சிங்கள மக்கள் வல்லாரை, சாத்தாவாரி முதலிய இலைகளின் சாறு சேர்த்து இலைக்கஞ்சி காய்ச்சுகிறார்கள். வட இந்தியாவில் அரிசியும் பருப்பும் சேர்ந்த கிச்சடி ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றி உண்ணப்படுகிறது.

பானையில் இருக்கவேண்டிய ஐந்து

ஒரே பானையில் சமைத்தால் மட்டும் உணவு முழுமையாகிவிடாது. பின்வரும் ஐந்தும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

1. தானியம்: அரிசி, குரக்கன், சாமை போன்றவை. இவை உழைக்கச் சக்தி தருகின்றன.

2. பருப்பு வகை: மைசூர்ப் பருப்பு, பயறு, கௌபி, கடலை. அரிசியிலுள்ள புரதத்தில் குறைவாக இருக்கும் ஒரு கூறு பருப்பில் தாராளமாக உண்டு. பருப்பில் குறைவாக இருப்பது அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது உடல் வளர்ச்சிக்கு உதவும் நல்ல புரதம் கிடைக்கிறது. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்பது நல்ல அளவு.

3. இலையும் மரக்கறியும்: முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, பூசணி, கரட், பயிற்றங்காய். சந்தையில் மலிவாக உள்ளதைத் தெரிவுசெய்யலாம்.

4. கொழுப்பு: ஒரு பிடி தேங்காய்ப்பூ அல்லது ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். பூசணியிலும் கீரையிலும் உள்ள உயிர்ச்சத்து ஏ உடலிற் சேரச் சிறிதளவு கொழுப்புத் தேவை. பால் பிழியாமல் தேங்காய்ப்பூவை அப்படியே போட்டால் ஒரு பாத்திரமும் மிச்சம்.

5. புளிப்பு: தேசிக்காய்ச் சாறு. இதிலுள்ள உயிர்ச்சத்து சீ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவுகிறது. நீண்ட நேரம் கொதித்தால் இச்சத்து அழிந்துவிடும். ஆகவே பானையை இறக்கிய பின்பே சாற்றை விட வேண்டும்.

சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் பழக்கம் எம்மில் பலருக்கு உண்டு. தேநீர் இரும்புச் சத்தைத் தடுக்கிறது. கர்ப்பிணித் தாய்மாரும் இரத்தக் குறைவு உள்ளவர்களும் ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடிப்பது நல்லது.

செய்முறைகள் மூன்று

பருப்புக் கீரைச் சோறு (நான்கு அல்லது ஐந்து பேருக்கு): அரிசி 2 சுண்டு, மைசூர்ப் பருப்பு 1 சுண்டு இரண்டையும் ஒன்றாகக் கழுவி, அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். பானையில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, அரிந்த வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்குங்கள். அதே பானையில் 9 சுண்டு தண்ணீரை விட்டுக் கொதித்ததும் அரிசி, பருப்பு, மஞ்சள், துண்டாக்கிய பூசணி ஆகியவற்றைப் போட்டு, மூடி, நெருப்பைக் குறையுங்கள். அரிசியும் பருப்பும் வெந்து குழைந்து வரும்போது உப்பு, தேங்காய்ப்பூ, ஒரு பெரிய பிடி முருங்கையிலை சேர்த்து ஐந்து நிமிடம் வைத்து இறக்குங்கள். கடைசியாகத் தேசிக்காய்ச் சாறு. தொட்டுக்கொள்ள ஊறுகாயோ பொரித்த மிளகாயோ போதும்.

காலைக் கஞ்சி: அரைச் சுண்டு குத்தரிசியையும் ஒரு பிடி பயறையும் இரவே கழுவி ஊறவிடுங்கள். காலையில் 6 சுண்டு தண்ணீரில் நான்கு பல்லு உள்ளியுடன் அவியுங்கள். நன்கு குழைந்ததும் மிகப் பொடியாக அரிந்த வல்லாரை அல்லது பொன்னாங்காணி, தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். இலையை அரைக்காமல் அரிவதால் கிறைண்டர் கழுவும் வேலை இல்லை. பிள்ளைகள் மறுத்தால் ஒரு சிறிய துண்டு பனங்கட்டியைக் கடிக்கக் கொடுக்கலாம்.

கூழ் (விடுமுறை நாளில், ஆறு பேருக்கு): வெள்ளவத்தைக் கடைகளில் ஒடியல் மா கிடைக்கிறது. ஒரு சுண்டு மாவைத் தண்ணீரில் சில மணித்தியாலம் ஊறவிட்டு, மேலே தெளியும் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்றுங்கள். கசப்பு நீங்க இது அவசியம். பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய் ஆகியவற்றைப் போட்டு அவியுங்கள். அவை வெந்ததும் மீன் துண்டு அல்லது இறால் சேருங்கள். தேசிக்காயளவு பழப்புளியைக் கரைத்து, இடித்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் உப்பும் சேர்த்து, ஊறிய மாவையும் அதிற் கலந்து பானையில் விட்டுக் கட்டிபடாமல் துழாவுங்கள். முருங்கையிலை போட்டுப் பதினைந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு இறக்கலாம்.

கைக்குழந்தைக்குத் தனிச் சட்டி வேண்டாம். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு முதலாவது உணவிலிருந்தே கொடுக்கலாம். அன்றைக்குப் பச்சைமிளகாயை வதக்கலில் சேர்க்காமல், உப்புடன் கடைசியிற் போடுங்கள். உப்பும் மிளகாயும் சேர்க்குமுன் இரண்டு அகப்பை எடுத்து, கரண்டியால் நன்கு மசித்து ஊட்டுங்கள்.

அடிப்பிடியாமல் சமைக்க

கழுவும் வேலையின் பெரும்பகுதி அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுவதுதான். அது வராமல் தடுத்தாற் பாதி வேலை இல்லை.

அடி தடித்த பானையைத் தெரிவுசெய்யுங்கள். முதலில் எண்ணெய் விடுவது ருசிக்கு மட்டுமல்ல, அடி ஒட்டாமலிருக்கவும் உதவும். தண்ணீர் கொதித்த பின்பே அரிசியைப் போடுங்கள். கொதி எழும்பியதும் நெருப்பைக் குறையுங்கள். பருப்பு வேகுமுன் புளி சேர்க்க வேண்டாம். புளி சேர்ந்தாற் பருப்பு இலகுவில் வேகாது. அதற்குள் அடி பிடித்துவிடும்.

பானை வெறுமையானதும், அது காயுமுன் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். காய்ந்த சோற்றுப்பசைதான் கல்லைப்போல ஒட்டும். அரிசி கழுவிய தண்ணீரை எடுத்துவைத்திருந்தால் ஊறவிட அதுவே போதும். சாப்பிட்டு முடிந்து பார்த்தால் ஒரு துடைப்பில் எல்லாம் வந்துவிடும். அப்படியும் அடிப்பிடித்திருந்தால் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்து ஒரு கொதி கொதிக்கவிடுங்கள்.

எண்ணெயையும் கூழ் மண்டியையும் குழாயடிக் கானில் ஊற்ற வேண்டாம். மாடிவீடுகளில் கான் அடைத்துக்கொண்டால் அயலவருடன் மனக்கசப்பு வரும். பழைய கடதாசியால் வழித்துக் குப்பையிற் போட்டபின் கழுவுங்கள். புளி சேர்ந்த உணவை அலுமினியப் பானையில் நெடுநேரம் வைத்திருப்பதும் நல்லதல்ல. புளிப்பு அலுமினியத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். மண் சட்டியோ துருப்பிடியாத உருக்குப் பாத்திரமோ இருந்தாற் சிறப்பு.

எரிபொருளும் மிச்சம்

2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் ஒன்றின் விலை 4,860 ரூபாவுக்கு உயர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தடவையில் 340 ரூபாவானது. அடுப்பெரியும் ஒவ்வொரு நிமிடமும் பணம் என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது.

வைக்கோலுக்குள் மாங்காயைப் பழுக்கவைத்த எமக்கு, வைக்கோல் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரோப்பாவில் போர்க்காலத்தில் எரிபொருள் குறைந்தபோது, கொதிக்கும் பானையை வைக்கோற் பெட்டிக்குள் வைத்து அச்சூட்டிலேயே வேகவைத்தார்கள். கொழும்பில் வைக்கோலுக்குப் பதிலாகக் கடதாசிப் பெட்டியும் பழைய போர்வையும் போதும். அரிசியும் பருப்பும் மூடிய பானையில் பத்து நிமிடம் நன்கு கொதித்ததும், திறவாமல் இறக்கி, போர்வையாற் சுற்றிப் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் வையுங்கள். பின்னர் கீரை சேர்த்து மறுபடி ஒரு கொதி கொதிக்கவிட்டே பரிமாற வேண்டும். மீன், இறைச்சி சேர்ந்த உணவுக்கு இம்முறை வேண்டாம்.

கவனத்தில் வைக்க

படுக்கும் அறையிலேயே சமைப்பவர்கள் யன்னலைத் திறந்துவைத்தே அடுப்பைப் பற்றவையுங்கள். பூட்டிய அறையில் அடுப்பு எரிந்தால் மணமில்லாத நச்சுவாயு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தேங்காய் சேர்ந்த உணவு கொழும்பின் வெக்கையில் விரைவிற் பழுதாகும். ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவே சமையுங்கள். பழஞ்சோறுபோல இதைத் தண்ணீர் விட்டு விடியும்வரை வைத்திருக்க முடியாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு அரிசி மட்டும் குழைந்த கஞ்சி ஏற்றதல்ல. அது இரத்தத்திற் சீனியை விரைவாகக் கூட்டும். அவர்களுக்குப் பயறையும் கீரையையும் கூட்டி, அரிசியைக் குறைத்து, அதிகம் குழையவிடாமற் சமையுங்கள்.

இறுதியாக ஒன்று. சமைப்பவர் ஒருவரென்றால் கழுவுபவர் இன்னொருவராக இருக்கட்டும். ஒரு பானை, ஓர் அகப்பை, ஆளுக்கொரு தட்டு என்றானபின் இந்த வேலையைத் தகப்பனும் வளர்ந்த பிள்ளைகளும் தட்டிக்கழிக்க நியாயம் இல்லை. மிஞ்சும் அரிசி கழுவிய தண்ணீரை யன்னலோரத்தில் உடைந்த வாளியொன்றில் நட்ட வல்லாரைக்கோ பொன்னாங்காணிக்கோ ஊற்றுங்கள். எந்த இலை எப்போது தளிர்க்கும், எதை எப்படிக் கிள்ள வேண்டும் என்ற அறிவு உங்களுடன்தான் வந்திருக்கிறது. இந்த வாரம் ஒரு நாளாவது கடைச் சாப்பாட்டை நிறுத்தி, முதலாவது செய்முறையைச் செய்து பாருங்கள்.