லீவுக்கு இடைசெவல் போகலாமா?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்தாச்சு. வெயிலுக்குப் பயந்து பிள்ளைகள் செல்போனும் கையுமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்களா? கோவில்பட்டி பக்கத்திலுள்ள இடைசெவலுக்குப் புத்தகம் வழியாகவே ஒரு டிரிப் அடிக்கலாம்.

கு.அழகிரிசாமி, கி.ராஜநாராயணன் என்ற இரண்டு நண்பர்களின் சொந்த ஊர் அது. அழகிரிசாமிக்கு 1970-ல் (மறைவுக்குப் பின்), கி.ரா.வுக்கு 1991-ல் சாகித்ய அகாடமி விருது. ஒரே கரிசல் கிராமத்துக்கு இரண்டு!

முதலில் அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' சிறுகதை. பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து தரும் ஒருவர், புத்தாண்டுக்கு டைரி தரும்போது சாரங்கன் என்ற சிறுவனை விட்டுவிடுகிறார். அவன் அடம்பிடிக்கவில்லை, அழவில்லை. என்ன செய்கிறான் என்பதை இங்கே சொன்னால் பாவம். இதைப் பெற்றோர் முதலில் படிப்பது நல்லது. 'இவன் எங்கே படிக்கப்போகிறான்' என்று ஒரு பிள்ளையை ஒதுக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டே!

அடுத்து கி.ரா.வின் 'கதவு'. வீட்டுக் கதவில் ஏறி ஆடுவதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு பஸ் பயணம். தீர்வை பாக்கிக்காக அதையும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஏழெட்டுப் பக்கம்தான், சின்னவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டலாம். பறவை முட்டைகளைத் தேடி அலையும் சிறுவனின் கதை வேண்டுமென்றால், அவருடைய 'பிஞ்சுகள்'.

பெரியவர்களுக்கு 'கோபல்ல கிராமம்'. 'அசுரன்' பார்த்த பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, அதன் மூலக்கதையான பூமணியின் 'வெக்கை'.

கரிசல் பேச்சு புரியாமல் திணறினால் தாத்தா, பாட்டியைக் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால், கி.ரா.வே தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது.